பாடப் பெயருக்கும் பட்டத்துக்கும் ஆங்கிலத்தில் எப்போது கேப்பிட்டல் லெட்டர்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "மகள் ஈரோட்டில் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் முடித்திருக்கிறாள். மெட்டீரியல்ஸ் சயின்ஸ் மேல்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறோம். அவள் எழுதிய எஸ்.ஓ.பி.யை (ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்பஸ், விண்ணப்பத்தோடு அனுப்புகிற நோக்கக் கட்டுரை) கல்லூரி ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, ஃபிசிக்ஸ், மேத்தமேட்டிக்ஸ், மாஸ்டர்ஸ் டிகிரி என்று பாடமும் பட்டமும் வருகிற இடத்திலெல்லாம் கேப்பிட்டல் லெட்டர் போடச் சொன்னார். கோவையில் ஒரு கன்சல்டன்சியில் கொடுத்தோம். அவர்கள் எல்லாவற்றையும் ஸ்மால் லெட்டருக்கு மாற்றிவிட்டார்கள். தமிழ், இங்கிலீஷ் என்பதைக்கூட விடவில்லை. எதை அனுப்புவது?"

இரண்டையும் அப்படியே அனுப்ப வேண்டாம். ஆசிரியர் சொன்னதில் பாதி சரி, கன்சல்டன்சி செய்ததில் இன்னொரு பாதி சரி. எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது என்று விளக்கமாகவே சொல்கிறேன். ஆங்கிலக் கட்டுரைகளையும் விண்ணப்பங்களையும் திருத்துவதுதான் என் வேலை. கொங்கு நாட்டுப் பிள்ளைகளின் எஸ்.ஓ.பி.களில் நான் அதிகமாகத் திருத்துகிற விஷயங்களில் இதுவும் ஒன்று. தமிழ் எழுத்தில் பெரிது சிறிது கிடையாது என்பதால், ஆங்கில வாக்கியத்தைச் சொல்லும்போது எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்று கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவசரத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பாடத்தின் பெயர் பொதுவாக வரும்போது சின்ன எழுத்து. மொழி, நாடு, ஆள் ஆகியவற்றின் பெயர் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. ஒரு துறை, ஒரு பேப்பர், ஒரு கல்லூரி ஆகியவற்றின் முழுப் பெயரைச் சொன்னால் பெரிய எழுத்து. பட்டத்தைப் பொதுவாகச் சொன்னால் சின்ன எழுத்து. சுருக்கி எழுதினால் அதற்கென்று நிலைத்துப்போன வடிவம். முழுப் பட்டப்பெயரில் மட்டும் ஆங்கிலேயருக்குள்ளும் அமெரிக்கருக்குள்ளுமே ஒத்த கருத்து கிடையாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு இலக்கணம் தெரியாததுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களே இதில் தடுமாறுகிறார்கள். பள்ளியில் கேப்பிட்டல் லெட்டர் அறிமுகமாகும்போது வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை, மாதம் என்று சில இடங்களைச் சொல்லித் தருகிறார்கள். மீதியை நாமே ஊகித்துக்கொள்கிறோம். அப்படி ஊகிக்கும்போது, பெரிய எழுத்து என்றால் பெரிய விஷயம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அதுவும் நம்ம பக்கம் சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிற ஊர். மரியாதை பேச்சிலேயே கலந்திருக்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்து வாங்கிய மாஸ்டர்ஸ் டிகிரிக்குச் சின்ன எழுத்து என்று சொன்னால், அந்தப் படிப்பையே மட்டம் தட்டுவதுபோல் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்கு மரியாதையோடு சம்பந்தமே இல்லை. இந்தச் சொல் ஒரு தனிப்பெயர் என்று காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. உண்மை, நீதி, அன்பு, தாய் ஆகிய சொற்களெல்லாம் ஆங்கில வாக்கியத்தின் நடுவே சின்ன எழுத்தில்தான் வரும். செவ்வாய்க்கிழமைக்குப் பெரிய எழுத்து. நீதியைவிடச் செவ்வாய்க்கிழமை உயர்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று பொதுச்சொல், மற்றது பெயர். இது மனதில் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கேப்பிட்டல் அதிகம் போடுகிற பழக்கத்துக்கு ஒரு பின்னணியும் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முக்கியமான பெயர்ச்சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்துப் போடும் வழக்கம் இருந்தது. 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் லைஃப், லிபர்ட்டி, ஹேப்பினஸ் மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. பிறகு பொது எழுத்தில் அது மறைந்துபோனது. சட்ட ஆங்கிலத்தில் மட்டும் வேறு காரணத்துக்காகத் தங்கிவிட்டது: ஒப்பந்தத்தின் முதலில் "இன்னார் இனி வெண்டார் (விற்பவர்) எனப்படுவார்" என்று வரையறுத்துவிட்டால், பிறகு அந்த வெண்டார் வருகிற இடமெல்லாம் பெரிய வி. பல்கலைக்கழக விதிமுறைகளும் கல்லூரிச் சுற்றறிக்கைகளும் இந்தச் சட்ட ஆங்கிலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. கேண்டிடேட், டிகிரி, எக்ஸாமினேஷன், செமஸ்டர் எல்லாம் அதில் பெரிய எழுத்தில் இருக்கும். உங்கள் மகளின் ஆசிரியர் நாள்தோறும் படிப்பது அந்தச் சுற்றறிக்கைகளைத்தான். அவர் சொன்னது அந்தப் பழக்கத்தில் வந்தது, கவனக்குறைவில் அல்ல.

கோவையில் ஜெர்மன் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் இன்றைக்கும் பெரிய எழுத்துத்தான். அங்கே பழகிய கை ஆங்கிலத்திலும் அப்படியே போகிறது. பிரெஞ்சில் தலைகீழ்: மொழிகளின் பெயரே சின்ன எழுத்தில் வரும். ஆக, ஒரு மொழியின் வழக்கத்தை இன்னொன்றுக்கு எடுத்துப்போக முடியாது.

சரி, பாடங்களுக்கு வருவோம். ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்தமேட்டிக்ஸ், காமர்ஸ், எகனாமிக்ஸ், அக்ரிகல்ச்சர், நர்சிங், சிவில் இன்ஜினியரிங் எல்லாமே வாக்கியத்தின் நடுவே வந்தால் சின்ன எழுத்து. "ஐ ஸ்டடீட் ஃபிசிக்ஸ் இன் ஈரோடு" என்ற வாக்கியத்தில் ஃபிசிக்ஸுக்குச் சின்ன பி, ஈரோட்டுக்குப் பெரிய இ. மேஜர், அலைடு என்று சேர்த்துச் சொன்னாலும் அப்படித்தான்: "மை மேஜர் வாஸ் ஃபிசிக்ஸ்" என்றால் மேஜருக்கும் சின்ன எழுத்து, ஃபிசிக்ஸுக்கும் சின்ன எழுத்து.

தமிழ், இங்கிலீஷ், ஹிந்தி, சம்ஸ்கிருதம், பிரெஞ்சு இவற்றுக்கு எப்போதும் பெரிய எழுத்து. மொழியின் பெயர் ஊர்ப் பெயரைப் போலவே தனிப்பெயர். அதைப் பாடமாகப் படித்தாலும், அதில் தேர்வு எழுதினாலும், அரியர் வைத்தாலும் அந்தத் தன்மை போகாது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற பொதுச்சொல்லுக்கு அந்த உரிமை கிடைக்காது. காங்கேயம் காளையை ஆங்கிலத்தில் எழுதினால் காங்கேயத்துக்கு மட்டும்தான் பெரிய எழுத்து, காளைக்குச் சின்ன எழுத்து. தமிழ் லிட்டரேச்சரும் அதே கணக்குத்தான். டி பெரியது, எல் சின்னது. இண்டியன் ஹிஸ்டரி, கர்நாடிக் மியூசிக், காந்தியன் ஸ்டடீஸ் எல்லாவற்றிலும் முதல் சொல் மட்டும் பெரிய எழுத்து.

அறிவியல் படித்தவர்களுக்கு இது இன்னும் அதிகம் தேவைப்படும். ஆள் பெயரால் அழைக்கப்படுகிற கணிதமும் கோட்பாடும் நிறைய இருக்கின்றன. பூலியன் ஆல்ஜீப்ராவில் ஜார்ஜ் பூல் இருப்பதால் பி பெரியது, ஆல்ஜீப்ராவின் ஏ சின்னது. ஃபூரியர் சீரீஸ், லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம், நியூட்டோனியன் மெக்கானிக்ஸ், மெண்டீலியன் ஜெனிடிக்ஸ் எல்லாம் அப்படியே. பைத்தான் புரோகிராமிங் என்பதிலும் பைத்தானுக்கு மட்டும் பெரிய எழுத்து. குவாண்டம் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், நானோடெக்னாலஜி ஆகியவற்றில் ஆள் பெயர் எதுவும் இல்லை. முழுதும் சின்ன எழுத்து. உங்கள் மகள் கேட்கிற மெட்டீரியல்ஸ் சயின்ஸும் அந்த வகைதான்.

பள்ளிப் பாடங்களை ஆங்கிலத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்த விதியின் கோணல் கண்ணில் படும். தமிழ், இங்கிலீஷ், மேத்தமேட்டிக்ஸ், சயின்ஸ், சோஷியல் சயின்ஸ்: முதல் இரண்டுக்குப் பெரிய எழுத்து, மற்ற மூன்றுக்கும் சின்ன எழுத்து. கணக்கு ஆசிரியருக்கு மனக்குறை வரலாம். சமமாக இருக்கட்டுமே என்று ஐந்துக்கும் பெரிய எழுத்துப் போடுவதும், கன்சல்டன்சி செய்ததுபோல் ஐந்துக்கும் சின்ன எழுத்துப் போடுவதும் தவறு. இரண்டில் எது மோசம் என்று கேட்டால், இரண்டாவது என்பேன். ஃபிசிக்ஸுக்குப் பெரிய பி போட்டால், பழைய பாணி என்று படிக்கிறவர் கடந்துபோவார். தமிழுக்குச் சின்ன டி போட்டால் அது எழுத்துப்பிழை, வேறு பேச்சே கிடையாது. நம் தாய்மொழியின் பெயரை நாமே அப்படி எழுதி அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சுருக்கப் பெயர்களால் வருகிற தவறு இப்போது ரொம்பப் பெருகிவிட்டது. ஈ.சி.ஈ., ட்ரிப்பிள் ஈ, ஐ.டி., ஏ.ஐ. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில்தான் எழுதுகிறோம். அது சரி. முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கம் என்பதால் அந்த வடிவம். ஆனால் விரித்து எழுதும்போதும் பெரிய எழுத்து ஒட்டிக்கொண்டே வருகிறது. ஏ.ஐ. என்பதை ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று விரித்தால் இரண்டு சொல்லுக்கும் சின்ன எழுத்து. இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி, எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், மெஷின் லேர்னிங், டேட்டா சயின்ஸ் எல்லாம் சின்ன எழுத்து. பெருந்துறை, சத்தியமங்கலம், திருச்செங்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிற நாடு இது. அந்தக் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளில் படிப்பின் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். பலகையில் அது சரி, அது தலைப்பு. அந்தப் பலகையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் வாக்கியத்துக்குள்ளும் அதே வடிவத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

இனி, அதே ஃபிசிக்ஸுக்குப் பெரிய எழுத்து வருகிற இடங்கள். முதலாவது, பேப்பரின் பெயர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதலாண்டுக்கு பிராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் புரோகிராமிங் என்று ஒரு பேப்பர் இருந்தது. அந்தப் பேப்பரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் நான்கு சொல்லுக்கும் பெரிய எழுத்து; இடையில் உள்ள அண்ட் மட்டும் சின்னது. "பைத்தான் கற்றுக்கொண்டு பிராப்ளம் சால்விங்கில் பழகினேன்" என்று பொதுவாகச் சொன்னால் பைத்தானுக்கு மட்டும்தான். இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ் என்ற பேப்பரைக் குறித்தால் பெரிய எழுத்து. இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ் என்ற அறிவுத்துறையைக் குறித்தால் சின்ன எழுத்து. எது எது என்று தெரியாவிட்டால், ஹால் டிக்கெட்டிலோ மார்க்‌ஷீட்டிலோ அந்தப் பெயர் அதே சொற்களில் அச்சாகியிருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் அது பேப்பரின் பெயர்.

இரண்டாவது, துறையின் பெயர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் டிபார்ட்மெண்ட் ஆஃப் பௌல்ட்ரி சயின்ஸ் இருக்கிறது. முட்டைக் கோழி நாட்டில் வேறெப்படி இருக்கும்? கல்லூரிப் பெயரோடு சேர்த்து அந்தத் துறையை முழுப் பெயரில் சொன்னால் டிபார்ட்மெண்ட்டுக்குப் பெரிய டி, பௌல்ட்ரிக்குப் பெரிய பி, சயின்ஸுக்குப் பெரிய எஸ். அங்கே சொல்லித்தருகிற பௌல்ட்ரி சயின்ஸ் என்ற படிப்புக்குச் சின்ன எழுத்து. பேச்சுவாக்கில் ஃபிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் என்று முன்பின் மாற்றிச் சொன்னால் இரண்டுக்கும் சின்ன எழுத்து. இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் என்றால் இங்கிலீஷுக்கு மட்டும் பெரியது. நடைக் கையேடுகளுக்குள் (ஸ்டைல் கைடு) இதில் சின்ன வேறுபாடு உண்டு. அமெரிக்கச் செய்தித்தாள்கள் பின்பற்றுகிற ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) கையேடு, டிபார்ட்மெண்ட் ஆஃப் ஹிஸ்டரி என்று தனியாக வந்தாலும் சின்ன எழுத்துப் போடச் சொல்கிறது. நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து முழு அதிகாரப்பூர்வப் பெயராக வந்தால்தான் பெரியது. புத்தக உலகில் பெரிதும் பின்பற்றப்படுகிற சிகாகோ கையேடு, துறையின் அதிகாரப்பூர்வப் பெயர் என்றால் பெரிய எழுத்தை ஏற்கிறது. எஸ்.ஓ.பி.க்கு சிகாகோ வழி பொருத்தம்.

மூன்றாவது, படிப்பின் தலைப்பு. திருப்பூர், கோவைப் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் நிறையப் பேர் படிக்கிறார்கள். பிராஸ்பெக்டஸிலும் சான்றிதழிலும் அது தலைப்பு, பெரிய எழுத்து. "எனக்கு ஃபேஷன் டிசைனில் ஆர்வம்" என்றால் சின்ன எழுத்து. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் ஃபாரஸ்ட்ரி, வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிகல்ச்சர் எல்லாம் இப்படியே.

பட்டங்களுக்கு வருகிறேன். இதில் மூன்று வகையையும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்: பொதுப்பெயர், முழுப்பெயர், சுருக்கம்.

பொதுப்பெயரில் சந்தேகமே இல்லை. பேச்சலர்ஸ் டிகிரி, மாஸ்டர்ஸ் டிகிரி, டாக்டரேட், டிப்ளமோ எல்லாம் சின்ன எழுத்து. பேச்சலர்ஸ், மாஸ்டர்ஸ் இரண்டிலும் கடைசி எஸ்ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மாஸ்டர்ஸ் என்று எழுதுவது, எழுத்தின் அளவைவிடப் பெரிய பிழையாகப் படிப்பவர் கண்ணில் படும். பாலிடெக்னிக் படித்தவர்கள் "டிப்ளமோ இன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்" என்று வாக்கியத்துக்குள் எழுதினால் எல்லாமே சின்ன எழுத்து. சான்றிதழில் மட்டும் பெரியது. டிகிரி என்ற சொல்லுக்கு எங்கேயும் பெரிய டி தேவையில்லை. பி.இ. டிகிரி என்று எழுதும்போது டிகிரிக்கும் பெரிய டி போடுவது நம்ம ஊர் ரெஸ்யூம்களில் நிலைத்துவிட்ட பழக்கம், அதை எடுத்துவிடுங்கள்.

முழுப்பெயர்தான் தகராறு. பேச்சலர் ஆஃப் சயின்ஸ், மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் என்று முழுதாக எழுதும்போது ஏ.பி. கையேடு பெரிய எழுத்துப் போடச் சொல்கிறது. சிகாகோ கையேடு, பொதுவாகக் குறிப்பிடும்போது அதற்கும் சின்ன எழுத்தே போதும் என்கிறது. 1906இல் முதல் பதிப்பு கண்ட அந்தக் கையேட்டின் 18ஆம் பதிப்பு 2024இல் வந்திருக்கிறது. பாடத்துக்கும் பட்டத்துக்கும் கேப்பிட்டலைக் குறைத்துப் போடுவதுதான் அதன் போக்கு. பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று தனி விதியும் வைத்திருக்கின்றன. பெரியது, சின்னது இரண்டும் ஏற்கத்தக்கவை. என் யோசனை: வாக்கியத்துக்குள் முழுப்பெயரைத் தவிர்த்துவிட்டு, "எ பேச்சலர்ஸ் டிகிரி இன் ஃபிசிக்ஸ்" என்று எல்லாம் சின்ன எழுத்தில் எழுதுங்கள். எந்தக் கையேட்டை வைத்துப் பார்த்தாலும் இது சரி. முழுப்பெயர் வேண்டியே வேண்டும் என்றால் பேச்சலருக்கும் சயின்ஸுக்கும் பெரிய எழுத்துப் போடுங்கள், அடுத்து வருகிற ஃபிசிக்ஸுக்குச் சின்ன எழுத்துப் போடுங்கள், கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் பெரியதும் அடுத்த பக்கத்தில் சின்னதுமாக இருப்பதுதான் மோசம்.

சுருக்கத்துக்கு நிலையான வடிவம் உண்டு. பி.எஸ்சி.யில் பி, எஸ் பெரியது, சி சின்னது. எஸ்ஸும் சியும் லத்தீன் சயின்ஷியா என்ற ஒரே சொல்லின் முதல் இரண்டு எழுத்து. மூன்றையும் பெரிதாக்கினாலும் தவறு, பி மட்டும் பெரிதாக இருந்தாலும் தவறு. பி.எச்டி.யில் நடு எச் எப்போதும் சின்னது. பி.காம்., பி.எட்., எம்.பில்., எம்.டெக். ஆகியவற்றில் இரண்டாம் பகுதியின் முதல் எழுத்து மட்டும் பெரியது. பி.இ., எம்.ஏ., எம்.பி.பி.எஸ். முழுதும் பெரியது. புள்ளி வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்: சிகாகோ வேண்டாம் என்கிறது, ஏ.பி. வை என்கிறது. வைத்தால் எல்லாப் புள்ளியும் வையுங்கள். பி.க்குப் பின்னால் புள்ளி வைத்துவிட்டு எஸ்சி.க்குப் பின்னால் விட்டுவிடுவது நம் நாட்டில் அச்சடித்த விசிட்டிங் கார்டுகளில்கூடப் பரவிக் கிடக்கிறது.

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் பின்னால் பட்டத்தைப் போடுவது நம்ம பக்கம் ஒரு பெருமை. அங்கே பட்டத்துக்குப் பின்னால் புள்ளியும் காற்புள்ளியும் சேர்ந்தே வரும். டி.டி.பி. கடைக்காரர் பழக்கத்தில் போடுவது அது. பத்திரிகையில் இருந்துவிட்டுப் போகட்டும், அது அதன் மரபு. வெளிநாட்டு விண்ணப்பத்தில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. போட வேண்டாம், போட்டால் காற்புள்ளி பெயருக்கும் பட்டத்துக்கும் நடுவில்தான். அதேபோல் பெயருக்கு முன்னால் டாக்டரும் பின்னால் பி.எச்டி.யும் சேர்த்து எழுதுவது இங்கே வழக்கம். ஆங்கில நடைக் கையேடுகள் இரண்டில் ஒன்றே போதும் என்கின்றன. பரிந்துரைக் கடிதம் தருகிற பேராசிரியரின் பெயரைப் படிவத்தில் நிரப்பும்போது இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காமர்ஸ் படித்த பிள்ளைகளுக்கு முக்கியம். கோவை, ஈரோடு, திருப்பூர்க் கல்லூரிகளில் பி.காம். சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர் அந்த இரண்டு பெரிய எழுத்தைப் பார்த்ததும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று எடுத்துக்கொள்வார். பிறகு சான்றிதழைப் பார்க்கும்போது பொய் சொன்னதாகத் தோன்றிவிடும். எஸ்.ஓ.பி.யில் அதை விரித்து, காமர்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று சின்ன எழுத்தில் எழுதுவது பாதுகாப்பு. பி.காம். பி.ஏ. என்கிற புரொஃபஷனல் அக்கவுண்டிங்கும் இதே கதை. அதைப் பார்ப்பவர் இரண்டு பட்டம் வாங்கியிருப்பதாக நினைப்பார்.

ரெஸ்யூமுக்குத் தனி நியாயம் உண்டு. கல்வித் தகுதி என்ற கட்டத்துக்குள் வருவது வாக்கியம் கிடையாது, தலைப்புபோல நிற்கிற வரி. அங்கே பேச்சலர் ஆஃப் சயின்ஸ், ஃபிசிக்ஸ் என்று எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்துப் போடலாம். வகுப்பில் காட்டுகிற ஸ்லைடின் தலைப்பு, புராஜெக்ட் ரிப்போர்ட்டின் முகப்பு, வீட்டு வாசல் பெயர்ப்பலகை எல்லாம் அந்தக் கணக்குத்தான். விண்ணப்பப் படிவம் பிளாக் லெட்டரில் நிரப்பு என்று சொன்னால் அப்படியே நிரப்புங்கள். முழுதும் பெரிய எழுத்தில் இருக்கிற மார்க்‌ஷீட்டைப் பார்த்து எது பெரியது எது சின்னது என்று முடிவுசெய்ய மட்டும் முயலாதீர்கள், அதில் அந்தத் தகவலே இல்லை. எஸ்.ஓ.பி., கவரிங் லெட்டர், மின்னஞ்சல் மூன்றும் உரைநடை. அங்கேதான் மேலே சொன்ன விதிகள் முழுதாகப் பொருந்தும்.

பக்கத்துச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலேஜ், யுனிவர்சிட்டி தனியாக வந்தால் சின்ன எழுத்து. பாரதியார் யுனிவர்சிட்டி என்று பெயராக வந்தால் இரண்டுக்கும் பெரிய எழுத்து. தேர்ட் செமஸ்டர், ஃபைனல் இயர் சின்னது; எண்ணைப் பின்னால் வைத்து செமஸ்டர் 3 என்று எழுதினால் பெரியது. புரொஃபசர் பெயருக்கு முன்னால் வந்தால் பெரியது, "என் புரொஃபசர்" என்றால் சின்னது. ஹெட் ஆஃப் தி டிபார்ட்மெண்ட், பிரின்ஸிபால் ஆகிய பதவிகளும் வாக்கியத்துக்குள் தனியாக வந்தால் சின்னது. கடிதத்தின் மேல் முகவரியில் தி பிரின்ஸிபால் என்று எழுதும்போது பெரிய எழுத்துப் போடுவது சரிதான், அது முகவரி வரி.

இப்போது உங்கள் மகளின் எஸ்.ஓ.பி.க்கு. நீங்கள் குறிப்பிட்டதை வைத்துச் சொல்கிறேன். ஃபிசிக்ஸ், மேத்தமேட்டிக்ஸ், மெட்டீரியல்ஸ் சயின்ஸ் மூன்றுக்கும் சின்ன எழுத்து. இதில் கன்சல்டன்சி சரி. மாஸ்டர்ஸ் டிகிரிக்குச் சின்ன எழுத்து, அபாஸ்ட்ரஃபியோடு; இதிலும் கன்சல்டன்சி சரி. தமிழ், இங்கிலீஷ் இரண்டுக்கும் பெரிய எழுத்தைத் திரும்பப் போட வேண்டும். இதில் ஆசிரியர் சரி. தான் படித்த துறையையும், சேர விரும்புகிற துறையையும் முழுப் பெயரில் எழுதியிருந்தால் அவற்றுக்கும் பெரிய எழுத்து. புராஜெக்ட்டின் தலைப்பு வந்தால் தலைப்பு வடிவம். அந்த புராஜெக்ட் எதைப் பற்றியது என்று விளக்குகிற வாக்கியத்தில் சின்ன எழுத்து.

திருத்தும்போது கம்ப்யூட்டரில் ஒட்டுமொத்தமாக மாற்றுகிற வசதியைப் பயன்படுத்த வேண்டாம். கன்சல்டன்சியில் தமிழும் இங்கிலீஷும் சின்ன எழுத்தானது அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு இடமாகப் பார்த்து, இது ஒரு பெயரா, பொதுச்சொல்லா என்று கேட்டு மாற்றச் சொல்லுங்கள். இரண்டு பக்க எஸ்.ஓ.பி.க்கு ஒரு மாலை நேரம் தாராளம். அதைப் பாப்பாவே செய்தால் நல்லது. அங்கே போனபிறகு தீசிஸும் அவள்தான் எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஆன்லைன் படிவத்தில் பட்டத்தின் பெயர், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயர் என்று கேட்கிற கட்டங்களில் சான்றிதழில் உள்ள சொற்களை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே நிரப்ப வேண்டும். ஈரோட்டுக் கல்லூரியில் படித்திருந்தாலும் பட்டம் வழங்கியது பல்கலைக்கழகம். 1956ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி, பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி தானாகப் பட்டம் வழங்க முடியாது. அதனால் அந்தக் கட்டத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டுவிட வேண்டாம். கல்லூரியின் பெயருக்குப் பெரும்பாலான படிவங்களில் தனியாக இன்னொரு கட்டம் இருக்கும்.